எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு எச்சரிக்காது!

கம்ப்யூட்டர் இதழில் காரின் டயருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். இன்று ஷோரூமிலிருந்து வரும் ஒரு சாதாரண காரில்கூட பல சிறு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று அவை பிரிந்து வேலை செய்கின்றன. டேஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்குகள் அந்தக் கம்ப்யூட்டர்கள் நமக்குக் காட்டும் எரர் மெசேஜ்கள். அவற்றில் அதிகம் பேர் அலட்சியப்படுத்துவது டயர் பிரஷர் விளக்கைத்தான். குதிரை லாடம் போன்ற வளைவுக்குள் ஓர் ஆச்சரியக்குறி இருக்குமே, அதேதான்.

இந்த விளக்கு அணையாமல் தொல்லை கொடுக்கும்போது நம்மில் பலர் செய்வது இரண்டு காரியங்கள். ஒன்று, ரீசெட் பட்டனை அழுத்துவது. இரண்டு, கண்டுகொள்ளாமல் விடுவது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. ஆனால், இந்தத் தவறில் பெரும் பங்கு கார் ஓட்டுபவருடையது அல்ல, அந்த விளக்கை வடிவமைத்த என்ஜினீயர்களுடையது. நானும் சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன் என்பதால் இதைச் சற்று உரிமையோடு சொல்கிறேன்.

இந்த விளக்கு எப்படி வந்தது?

2000-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் பெரும் பிரச்னையானது பலருக்கு நினைவிருக்கும். ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களில் ஓடிய அந்த டயர்களின் மேற்பட்டை பிரிந்து, வண்டிகள் கவிழ்ந்து, 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். லட்சக்கணக்கான டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் மாதமே அங்கு ஒரு புதிய சட்டம் வந்தது. டயரில் காற்று குறைந்தால் டிரைவருக்குத் தெரிவிக்கும் கருவி ஒவ்வொரு காரிலும் வேண்டும் என்றது அந்தச் சட்டம். இதைத்தான் டி.பி.எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்கிறோம். படிப்படியாக அமலாகி, 2007 செப்டம்பர் முதல் அங்கு விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமானது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயம்.

நம் நாட்டில் 2020-ம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் செய்தார்கள். டி.பி.எம்.எஸ். வசதியும், டியூப்லெஸ் டயருக்கான ரிப்பேர் கிட்டும் உள்ள கார்களில் ஸ்டெப்னி வைக்க வேண்டிய அவசியமில்லை என்பது அதன் சாரம். இதை நன்றாகக் கவனியுங்கள். ஸ்டெப்னி இருந்த இடத்தில் இப்போது ஒரு விளக்கு இருக்கிறது! அப்படிப்பட்ட காரை வைத்திருப்பவர் அந்த விளக்கை அலட்சியம் செய்வது, ஸ்டெப்னியை வீட்டில் வைத்துவிட்டு நெடும்பயணம் போவதற்குச் சமம்.

இரண்டு வகைகள்

எல்லாக் கார்களிலும் விளக்கு ஒன்றுபோல இருந்தாலும், பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் இரண்டு வகை. உங்கள் காரில் எது இருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்னை தீர்ந்துவிடும்.

முதல் வகையில் ஒவ்வொரு டயருக்குள்ளும் ஒரு சென்சார் இருக்கும். பெரும்பாலும் காற்று அடிக்கும் வால்வின் அடிப்பகுதியில் பொருத்தியிருப்பார்கள். பிரஷர், வெப்பநிலை இரண்டையும் அளந்து, தன் அடையாள எண்ணையும் சேர்த்து ரேடியோ அலை மூலம் காருக்கு அனுப்பும். அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகா ஹெர்ட்ஸ், இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் 433 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துகிறார்கள். சென்சாருக்குள் ஒரு சிறு லித்தியம் பேட்டரி உண்டு. 5 முதல் 10 ஆண்டுகள் வரை வரும். பேட்டரியை மட்டும் தனியே மாற்ற முடியாதபடி சீல் செய்திருப்பார்கள். தீர்ந்தால் சென்சாரையே மாற்ற வேண்டும்.

இரண்டாவது வகையில் டயருக்குள் எதுவும் இல்லை. ஏ.பி.எஸ். பிரேக்குக்காக ஏற்கெனவே இருக்கும் சக்கர வேக சென்சார்களையே இது பயன்படுத்திக்கொள்கிறது. காற்று குறைந்த டயரின் சுற்றளவு சற்றுக் குறையும். எனவே, அது மற்ற சக்கரங்களைவிடக் கொஞ்சம் வேகமாகச் சுற்றும். இந்த வித்தியாசத்தை வைத்து சாஃப்ட்வேர் கணக்குப் போட்டு விளக்கை எரியவிடும். செலவு குறைவு, பேட்டரித் தொல்லை இல்லை. ஆனால், இதற்கு உண்மையான பிரஷர் எவ்வளவு என்று தெரியவே தெரியாது. 'முன்பு இருந்தது போல இல்லை' என்பது மட்டும்தான் தெரியும். நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் இந்த வகையின் எளிய மாடல்கள் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும்.

டேஷ்போர்டில் ஒவ்வொரு டயருக்கும் தனித்தனியாக எண் காட்டினால் உங்களுடையது முதல் வகை. வெறும் விளக்கும், 'செட்' என்ற பட்டனோ மெனுவோ மட்டும் இருந்தால் அநேகமாக இரண்டாவது வகை. காருடன் வந்த கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ரீசெட் ஒரு ரிப்பேர் அல்ல

கம்ப்யூட்டர் ஹேங் ஆனால் ரீஸ்டார்ட் செய்து பழகியவர்கள் நாம். பத்தில் எட்டு முறை அது பலித்தும் விடும். அந்தப் பழக்கத்தைக் காரிலும் காட்டும்போதுதான் ஆபத்து.

இரண்டாவது வகை காரில் ரீசெட் செய்தால் என்ன நடக்கிறது? 'இப்போது இருக்கும் நிலைதான் சரியான நிலை, இதை நினைவில் வைத்துக்கொள்' என்று சாஃப்ட்வேருக்குக் கட்டளை போகிறது. 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் 26 இருக்கும்போது ரீசெட் செய்தால், இனி அந்த 26-ஐத்தான் அது சரியான அளவாக எடுத்துக்கொள்ளும். அதிலிருந்து இன்னும் கணிசமாகக் குறைந்தால்தான் மறுபடி வாய் திறக்கும். விளக்கு அணைந்துவிட்டது, எனவே எல்லாம் சரி என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மையில், தவறான விடையைச் சரியான விடையாக மனப்பாடம் செய்யவைத்திருக்கிறீர்கள்!

காற்று குறைந்த டயர் ஓடும்போது அதன் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. அதனால் டயர் சூடேறுகிறது. நெடுஞ்சாலையில் முழு லோடுடன், கோடை வெயிலில், நூறு கிலோ மீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. ரீசெட் பட்டன் இந்தச் சூட்டைக் குறைப்பதில்லை.

காலையில் எரிந்து மதியம் அணையும் விளக்கு

'காலையில் வண்டியை எடுக்கும்போது எரிகிறது, பத்து கிலோ மீட்டர் போனதும் தானாக அணைந்துவிடுகிறது, சென்சார் கோளாறு போலிருக்கிறது' என்று சொல்பவர்கள் நிறையப் பேர். டயருக்குள் சென்சார் உள்ள கார்களில் இது அதிகம் நடக்கும். அது கோளாறு அல்ல, சாதாரண இயற்பியல். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் காருக்குச் சொல்லப்பட்ட அளவு 33 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். சொல்லப்பட்ட அளவில் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்க வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஐரோப்பிய விதி இன்னும் கண்டிப்பானது. கணக்குக்கு அமெரிக்க அளவையே எடுத்துக்கொண்டால், பிரஷர் 24.75-க்குக் கீழே போனால் விளக்கு எரியும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் குறைந்தால் டயரின் பிரஷர் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறையும். மதியம் 35 டிகிரியில் 26 பி.எஸ்.ஐ. காட்டிய டயர், மறுநாள் விடியற்காலை 20 டிகிரியில் 24 ஆகிவிடும். விளக்கு எரியும். வண்டி ஓடியதும் டயர் சூடேறி பிரஷர் கூடும். விளக்கு அணையும்.

அதே டயரில் சரியாக 33 இருந்திருந்தால் குளிரில் 31-க்கு வந்திருக்கும். விளக்கு எரிந்திருக்கவே எரியாது. ஆக, காலையில் எரிந்து அணையும் விளக்கு பொய் சொல்லவில்லை. உங்கள் டயரில் ஏற்கெனவே ஆறேழு பி.எஸ்.ஐ. குறைந்துவிட்டது என்ற உண்மையை முதல் ஆளாக வந்து சொல்கிறது. நைட்ரஜன் நிரப்பினால் இந்தத் தொல்லை இருக்காது என்பதையும் நம்ப வேண்டாம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். குளிரில் இரண்டும் ஒரே மாதிரிதான் சுருங்கும்.

ஒரே விளக்கு, பல அர்த்தங்கள்

இப்போது என் முக்கியமான குற்றச்சாட்டுக்கு வருகிறேன். இந்த விளக்கு எதற்கெல்லாம் எரிகிறது? டயரில் ஆணி ஏறியிருந்தால் எரியும். குளிரில் பிரஷர் குறைந்தால் எரியும். சென்சார் பேட்டரி தீர்ந்தால் எரியும். சென்சார் இல்லாத ஸ்டெப்னியை மாட்டினால் எரியும். டயர் கடையில் டயரைக் கழற்றும்போது சென்சார் உடைந்தால் எரியும். சக்கரங்களை இடம் மாற்றிவிட்டு முறைப்படி செட் செய்யாவிட்டால் சில கார்களில் அதற்கும் எரியும். உடனே வண்டியை ஓரம் கட்ட வேண்டிய விஷயமும், அடுத்த மாத சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்ற விஷயமும் ஒரே மஞ்சள் விளக்கில்!

விண்டோஸில் எல்லாப் பிரச்னைகளுக்கும் 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்று ஒரே டயலாக் பாக்ஸ் வந்தால் நாம் சும்மா இருப்போமா? காருக்கு மட்டும் அதை ஏற்றுக்கொள்கிறோம்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவருக்கு நடந்தது இது. பஞ்சரான முன் டயருக்குப் பதிலாக ஸ்டெப்னியை மாட்டி, அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். ஸ்டெப்னியில் சென்சார் இல்லாததால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சர்வீஸில் கேட்டதற்கு, "அது சென்சார் விஷயம்தான் சார், ஒண்ணும் பயமில்லை" என்றார்களாம். அவர்கள் சொன்னது உண்மைதான். இரண்டு மாதம் கழித்து குடும்பத்தோடு பெங்களூரு போகும் வழியில் பின் டயர் ஒன்றில் மெல்லக் காற்று இறங்கியது. பக்கத்தில் வந்த லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கையைக் காட்டிய பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இறங்கிப் பார்த்தபோது டயரின் பக்கச்சுவர் கிழியும் நிலையில் இருந்தது. பின் டயரில் இருந்த சென்சார் ஒழுங்காக வேலை செய்துகொண்டுதான் இருந்தது. காற்று இறங்குவதை அது காருக்குச் சொல்லியிருக்கும். ஆனால், கார் அதை அவருக்கு எப்படிச் சொல்லும்? விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்ததே!

அணையாத விளக்கின் உண்மையான ஆபத்து இதுதான். அது இப்போது சொல்லும் விஷயம் அற்பமாக இருக்கலாம். ஆனால், அடுத்து வரப்போகும் பெரிய விஷயத்தைச் சொல்ல அதற்கு வாய் இல்லாமல் போய்விடுகிறது. எரிந்துகொண்டே இருக்கும் விளக்கு எச்சரிக்காது.

எனக்குத் தெரியாதது பக்கத்துக் காருக்குத் தெரியலாமா?

இதில் வேடிக்கையான ஒரு விஷயம் உண்டு. 2010-ம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ், தென் கரோலினா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இந்த டயர் சென்சார்களை ஆராய்ந்தார்கள். சென்சார் அனுப்பும் தகவலில் எந்தப் பாதுகாப்பும் இல்லை, 40 மீட்டர் தூரத்திலிருந்துகூட அதைப் படிக்க முடிகிறது என்று கண்டறிந்தார்கள். போலித் தகவலை அனுப்பி, ஓடும் காரில் எச்சரிக்கை விளக்கை எரியவும் வைத்தார்கள். இன்று விலை குறைந்த ஒரு யு.எஸ்.பி. ரேடியோ ரிசீவரும், ஆர்.டி.எல்._433 என்ற இலவச சாஃப்ட்வேரும் இருந்தால் பல மாடல் டயர் சென்சார்களின் தகவலை உங்கள் லேப்டாப்பிலேயே பார்க்கலாம்.

பாதுகாப்புப் பிரச்னை ஒருபுறம் இருக்கட்டும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். தெருவில் லேப்டாப்புடன் நிற்கும் யாரோ ஒருவர் என் டயரின் பிரஷர் எத்தனை, வெப்பநிலை எத்தனை என்று எண்ணாகப் படிக்கலாம். பணம் கொடுத்து கார் வாங்கிய எனக்கு மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு! தகவல் காருக்குள் இருக்கிறது. அதைக் காட்டுவதற்குப் புதிய ஹார்டுவேர் வேண்டாம். ஸ்க்ரீன் இல்லாத கார்களே இன்று அரிது. விலை உயர்ந்த மாடலில் எண்ணைக் காட்டிவிட்டு, குறைந்த விலை மாடலில் விளக்கை மட்டும் வைப்பது வியாபாரத் தந்திரமே அன்றி வேறில்லை.

'எண்களைக் காட்டினால் சாதாரண மக்கள் குழம்புவார்கள்' என்று சிலர் சொல்வதுண்டு. பெட்ரோல் பங்கில் '33 வைங்க' என்று சொல்லத் தெரிந்தவருக்கு ஸ்க்ரீனில் 26 என்று பார்த்தால் புரியாதா? குழப்பம் எண்ணால் வருவதில்லை, எண்ணை மறைப்பதால்தான் வருகிறது.

கார் கம்பெனிகள் செய்ய வேண்டியது மூன்றே விஷயங்கள். எந்த டயர் என்று சொல்லுங்கள். காற்றுக் குறைவா, சென்சார் கோளாறா என்று எழுத்தில் பிரித்துக் காட்டுங்கள். ரீசெட் செய்யும் முன் 'நான்கு டயரிலும் காற்றைச் சரி செய்துவிட்டீர்களா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு ஃபைலை அழிக்கும்போதுகூட கம்ப்யூட்டர் நம்மைக் கேட்கிறது அல்லவா?

நீங்கள் செய்ய வேண்டியது

கம்பெனிகள் மாறும்வரை நாம் காத்திருக்க முடியாது. விளக்கு அணையாமல் தொல்லை தந்தால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. முதலில் ஒரு பிரஷர் கேஜ் வாங்கி காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை நம்புவதா வேண்டாமா என்ற கேள்விக்கு அது ஒரு நிமிடத்தில் பதில் சொல்லும்.

2. காலையில், வண்டி எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கையும் அளந்து பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் மேலேயே அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் அதிகபட்ச அளவு. அதை வைத்துக் காற்று அடிக்காதீர்கள்.

3. ஓடிச் சூடான டயரில் அளவு கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். மறுநாள் காலை விளக்கு எரியும்.

4. காற்றைச் சரி செய்த பிறகு, சென்சார் உள்ள காரை சிறிது தூரம் ஓட்டினாலே விளக்கு அணைந்துவிடும். ஏ.பி.எஸ். முறை என்றால் இப்போதுதான் ரீசெட் செய்ய வேண்டும், அதற்கு முன் அல்ல.

5. நல்ல டயரிலும் மாதம் 1 முதல் 2 பி.எஸ்.ஐ. வரை இயல்பாகக் குறையும். ஒரே டயரில் சில நாட்களுக்குள் திரும்பத் திரும்பக் குறைந்தால் அது லீக். ஆணி, வால்வு, ரிம் மூன்றையும் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு ஒரு நிமிடம் போல விட்டு விட்டு எரிந்து, பிறகு நிலையாக எரிகிறதா? பெரும்பாலான கார்களில் அது காற்றுப் பிரச்னை அல்ல, சென்சார் கோளாறு. எந்தச் சென்சார் என்று ஸ்கேனர் வைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பிறகு பணம் செலவழியுங்கள். கார் ஏழெட்டு வயதைத் தாண்டியிருந்து ஒரு சென்சாரின் பேட்டரி தீர்ந்தால், மற்ற மூன்றும் விரைவில் தீரும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. டயர் மாற்றும்போதும் பஞ்சர் ஒட்டும்போதும் 'உள்ளே சென்சார் இருக்கிறது' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பஞ்சருக்கு ஊற்றும் திரவம் சில சென்சார்களை அடைத்துவிடும்.

சென்சார் விலை கட்டுப்படியாகாது, விளக்கு எரிந்தால் எரியட்டும் என்று நீங்கள் முடிவு செய்தால் அது உங்கள் விருப்பம். ஆனால், அந்த முடிவின் முழுப் பொருளையும் தெரிந்துகொண்டு எடுங்கள். அன்று முதல் உங்கள் காரில் டயர் எச்சரிக்கை வசதி இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், ஒவ்வொரு நெடும்பயணத்துக்கு முன்பும், நீங்களே கேஜ் எடுத்து அளக்க வேண்டும். அதைச் செய்யத் தயார் என்றால் சென்சார் இல்லாமலும் பாதுகாப்பாகப் போகலாம். டி.பி.எம்.எஸ். வருவதற்கு முன் எல்லோரும் அப்படித்தான் போனார்கள்.

கம்ப்யூட்டரில் ஆன்டி வைரஸ் அடிக்கடி கத்துகிறது என்று அதை நிறுத்தி வைப்பவர்களை நமக்குத் தெரியும். அவர்கள் இழப்பது சில ஃபைல்களை. காரில் உங்களோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு பேக்கப் கிடையாது. நாளைக் காலை சாவியைத் திருப்பும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி, நான்கு டயரையும் அளந்து பாருங்கள்.